அத்தியாயம் 7: முள் எங்கே நிற்கிறது? கியர் விகிதமும் பிக்கப்பும்

"வண்டியில பிக்கப்பே இல்லைங்க." சர்வீஸ் சென்டர் வாசலில் ஓயாமல் கேட்கும் புகார் இது. மெக்கானிக் ஏர் ஃபில்டரைத் திறந்து பார்ப்பார், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுவார், கிளட்ச் வழுக்குகிறதா என்று சோதிப்பார். எல்லாம் சரியாகவே இருக்கும். பிறகு வண்டிக்காரர் ஓட்ட, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஒரு கிலோமீட்டர் போனால் விஷயம் புரிந்துவிடும். 45 கி.மீ. வேகம், ஐந்தாவது கியர். ஆக்ஸிலரேட்டரைத் தரைவரை மிதித்தாலும் வண்டி முனகுகிறது, வேகம் ஏறுவதில்லை. இன்ஜினிடம் இருக்கும் சக்தியைக் கேட்க வேண்டிய இடத்தில் அவர் கேட்கவில்லை.

ஓட்டுநர் பள்ளியில் கியர் மாற்றக் கற்றுக்கொடுக்கிறார்கள். எதற்காக மாற்றுகிறோம் என்பதை அநேகமாக யாரும் சொல்வதில்லை. 20-க்கு இரண்டு, 30-க்கு மூன்று, 40-க்கு நான்கு, 50-க்கு ஐந்து என்று ஒரு வாய்ப்பாடு மட்டும் மனதில் தங்கிவிடுகிறது. சமதரையில், சீரான வேகத்தில், பெட்ரோல் மிச்சம் பிடிக்க அந்த வாய்ப்பாடு நல்லதே. முந்திச் செல்லவும், மேடேறவும், பைபாஸில் வந்து கலக்கவும் அது உதவாது. அந்த இடங்களுக்கான கணக்குதான் இந்த அத்தியாயம்.

விகிதம் என்றால் என்ன

கியர்பாக்ஸ் செய்வது கடப்பாரையின் வேலை. கல்லை நெம்பும்போது கைப்பிடி எவ்வளவு நீளமோ அவ்வளவு பலம் கூடும். ஆனால் கை ஒரு முழம் இறங்கினால் கல் விரற்கடைதான் நகரும். முதல் கியரில் பலம் அதிகம், நகர்வு குறைவு. ஐந்தாவதில் நகர்வு அதிகம், பலம் குறைவு. இரண்டும் ஒருசேரக் கிடைப்பதில்லை.

இதை எண்ணில் பார்க்க ஒரு காரை எடுத்துக்கொள்வோம். 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். நம் ஊர்த் தெருவில் பத்து வீட்டுக்கு ஒன்றாவது நிற்கும் ஹேட்ச்பேக் வகை. 83 குதிரைத்திறன் 6000 ஆர்.பி.எம்.-ல், முறுக்குவிசை அதிகபட்சம் 110 நியூட்டன் மீட்டர், 4000-ஐ ஒட்டி. கணக்கு எளிதாக இருக்க விகிதங்களை முழுமையாக்கிச் சொல்கிறேன். முதல் கியர் 3.5, இரண்டாவது 1.9, மூன்றாவது 1.3, நான்காவது 0.95, ஐந்தாவது 0.75. கியர்பாக்ஸுக்குப் பின்னால் ஃபைனல் டிரைவ் என்று இன்னொரு பல்சக்கரச் சோடி இருக்கிறது. அது எல்லா கியருக்கும் பொது. அதன் விகிதம் 4.1 என்று வைப்போம்.

முதல் கியரில் 3.5-ஐ 4.1-ஆல் பெருக்கினால் 14.35. இன்ஜின் பதினான்கேகால் சுற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றினால்தான் சக்கரம் ஒருமுறை சுற்றும். அந்தச் சக்கரம் ஒரு சுற்றில் தரையில் உருளும் தூரம் ஏறத்தாழ 1.9 மீட்டர். நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று என்றால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கணக்கிட, 114-ஐ மொத்த விகிதத்தால் வகுக்க வேண்டும். அப்படி வகுத்தால் நம் காருக்குக் கிடைப்பவை:

முதல் கியர்: ஆயிரம் சுற்றுக்கு 8 கி.மீ.
இரண்டாவது: 14.6 கி.மீ.
மூன்றாவது: 21.4 கி.மீ.
நான்காவது: 29.3 கி.மீ.
ஐந்தாவது: 37 கி.மீ.

இந்த ஐந்து எண்களும் தெரிந்தால் உங்கள் காரின் குணம் பாதி தெரிந்த மாதிரி. உங்கள் வண்டிக்கு உரிய எண்களைக் கண்டுபிடிக்க மெக்கானிக் வேண்டாம். காலையில் ஆளில்லாத நேரத்தில் நான்குவழிச் சாலைக்குப் போங்கள். மூன்றாவது கியரில் 40 கி.மீ.-ல் நிதானமாகப் பிடித்து ஓட்டுங்கள். பக்கத்தில் இருப்பவர் ஆர்.பி.எம். முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துக் குறிக்கட்டும். முள் 1900-ல் நின்றால் ஆயிரத்துக்கு 21 கி.மீ. நான்கிலும் ஐந்திலும் 60 கி.மீ.-ல் இதையே செய்யுங்கள். வண்டியோடு வந்த கையேட்டின் கடைசிப் பக்கங்களில் கியர் விகிதங்களும் இருக்கக்கூடும். சில நிறுவனங்களின் கையேட்டில் ஒவ்வொரு கியருக்கும் கியர் குறைக்கும்போது தாண்டக்கூடாத வேகமும் அச்சிட்டிருக்கும். ஆர்.பி.எம். மீட்டர் இல்லாத பழைய சின்ன கார்களுக்கு இந்தப் பட்டியலே வழிகாட்டி. டாஷ்போர்டின் உறைக்குள் தூங்கும் அந்தப் புத்தகத்தை ஒருமுறையாவது எடுத்துப் பாருங்கள்.

ஒரே வேகம், நான்கு வகை இழுவை

இப்போது நம் கார் 50 கி.மீ.-ல் போகிறது. ஓட்டுபவர் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கிறார். கியருக்குக் கியர் என்ன கிடைக்கும்?

ஐந்தாவது கியரில் முள் 1350-ல் நிற்கும். சக்கரம் தரையைத் தள்ளும் விசையைக் கிலோ எடையாகச் சொன்னால் ஏறத்தாழ 75 கிலோ. நான்காவதில் முள் 1700, தள்ளுவது 105 கிலோ. மூன்றாவதில் 2340, 160 கிலோ. இரண்டாவதில் 3400-க்குச் சற்று மேல், 255 கிலோ. காற்றும் டயர் உருளலும் சேர்ந்து பின்னே இழுப்பது 20 கிலோ என்று கழித்துக்கொள்ளுங்கள். மீதிதான் பிக்கப். ஐந்தில் 55, இரண்டில் 235. அதே வண்டி, அதே பெடல், அதே சாலை. வித்தியாசம் நான்கு மடங்குக்கு மேல்.

முதல் கியரை ஏன் விட்டுவிட்டேன் என்று கேட்பீர்கள். முதல் கியரில் 50 என்றால் முள் 6000-ஐத் தாண்டிவிடும். அங்கே இழுக்க இடமில்லை.

இதையே குதிரைத்திறனில் சொன்னால் இன்னும் உறைக்கும். 50 கி.மீ.-ல் ஐந்தாவது கியரில் எவ்வளவு மிதித்தாலும் இந்த இன்ஜின் தருவது 15 குதிரைத்திறன்தான். நான்கில் 22, மூன்றில் 33, இரண்டில் 52. விளம்பரத்தில் 83 என்று போட்டிருந்தது, காசும் 83-க்குத்தான் கொடுத்தோம். ஆனால் அந்த 83 இருப்பது 6000 ஆர்.பி.எம்.-ல். முள்ளை அதன் பக்கம் கொண்டுபோகும் வேலை ஓட்டுபவருடையது.

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் எந்த கியர் அதிகம் இழுக்கும் என்பதற்கு விதி ஒன்றுதான். எந்த கியர் முள்ளை அதிகபட்சக் குதிரைத்திறன் இருக்கும் இடத்துக்கு நெருக்கமாக வைக்கிறதோ, அந்த கியர். முறுக்குவிசை உச்சம் 4000-ல் என்பதால் 4000-ல்தான் வண்டி அதிகம் இழுக்கும் என்று பலர் நம்புகிறார்கள். ஒரே கியருக்குள் மட்டும் பார்த்தால் அது சரி. கியர்களை ஒப்பிடும்போது அது செல்லாது. இரண்டாவது கியரில் 6000-ல் முறுக்குவிசை 97-க்கு இறங்கியிருந்தாலும், விகிதம் பெருக்கித் தருவதால் மூன்றாவதின் உச்சத்தைவிட இரண்டாவதுதான் அதிகம் தள்ளும்.

மூன்றாவது: என் தேர்வு

ஓட்டுநர்களிடம் "பிக்கப்புக்கு எந்த கியர் பிடிக்கும்?" என்று கேட்டால் பதில் வண்டியைப் பொறுத்தும் ஊரைப் பொறுத்தும் மாறும். நெரிசலில் ஓட்டுபவர் இரண்டு என்பார். டீசல் டாக்ஸி ஓட்டியவர் நான்கு என்பார். டர்போ இல்லாத பெட்ரோல் காருக்கு நான் தயங்காமல் மூன்று என்பேன். நம் காரில் மூன்றாவது கியர் 35 கி.மீ.-லிருந்து 100 தாண்டியும் வேலை செய்யும். 50-ல் 2300, 70-ல் 3300, 87-ல் 4000-க்கு மேல். நம் இருவழிச் சாலைகளில் ஒரு லாரியை முந்துவதற்குத் தேவையான வேகங்கள் முழுவதும் இந்த ஒரே கியருக்குள் அடங்கிவிடுகின்றன. நடுவில் கியர் மாற்ற வேண்டியதில்லை. எதிரே வண்டி வரும்போது, வலதுபுறம் முழுக்க ஏறிய பிறகு, கை ஸ்டியரிங்கை விட வேண்டியதில்லை என்பது பெரிய நிம்மதி.

கரும்பு ஏற்றிய லாரி ஒன்று 50-ல் போகிறது. பின்னால் நீங்களும் 50-ல். அதைத் தாண்டி மீண்டும் இடதுபுறம் வர, லாரியின் நீளமும் முன்பின் இடைவெளியும் சேர்த்து, லாரியைவிட 40 மீட்டர் கூடுதலாக நீங்கள் ஓடியாக வேண்டும். ஐந்தாவது கியரிலேயே மிதித்தால் இதற்குப் பன்னிரண்டரை வினாடி ஆகும். நீங்கள் ஓடிய மொத்தத் தூரம் 215 மீட்டர். மூன்றாவதில் எட்டு வினாடிக்குள் முடியும். தூரம் 150 மீட்டருக்குள். எதிரே ஒரு பேருந்து 80-ல் வந்தால் அந்தப் பன்னிரண்டரை வினாடியில் அது 280 மீட்டர் நெருங்கிவிடும். எட்டு வினாடியில் 175 மீட்டர். ஆகவே ஐந்தாவது கியர்க்காரருக்குக் குறைந்தது 500 மீட்டர் காலிச் சாலை கண்ணுக்குத் தெரிய வேண்டும், மூன்றாவது கியர்க்காரருக்கு 325 மீட்டர். இதற்கு மேல் பாதுகாப்புக்கான இடைவெளி தனி. காரில் ஓட்டுபவர் மட்டும் இருந்தால் வரும் கணக்கு இது. குடும்பத்தோடும் பெட்டிகளோடும் போனால் எல்லா எண்ணும் கூடும்.

இதைச் செய்யும் வரிசை முக்கியம். லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போகாமல் இரண்டு மூன்று கார் நீளம் விட்டு நில்லுங்கள். சாலை தெரியும், வேகம் பிடிக்கவும் இடம் இருக்கும். முந்தலாமா என்று யோசிக்கத் தொடங்கும்போதே மூன்றாவது கியருக்கு வந்துவிடுங்கள். வலதுபுறம் எட்டிப் பார்த்து, வழி இல்லை என்றால் மூன்றிலேயே காத்திருங்கள். இரண்டு நிமிடம் 2300-ல் ஓடுவதால் இன்ஜினுக்கு ஒரு கேடும் இல்லை. வழி கிடைத்ததும் இண்டிகேட்டர், ஹார்ன், பிறகு பெடல் முழுதாக. வண்டி உறுமும். அந்தச் சத்தத்துக்குப் பயந்து பாதியில் நான்காவது போடுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். லாரியின் நடுப்பக்கத்தில், எதிர்வண்டி வந்துகொண்டிருக்கும் இடத்தில், இழுவையில் மூன்றில் ஒரு பங்கை அவர்களே குறைத்துக்கொள்கிறார்கள். 4000 ஆர்.பி.எம். என்பது இன்ஜின் நோகும் இடமில்லை. சூடேறிய இன்ஜின், சரியான அளவு ஆயில் இருந்தால் சிவப்புக் கோடுவரை போக வடிவமைத்ததுதான் அது. இடதுபுறம் வந்து சேர்ந்து, கண்ணாடியில் லாரி முழுதாகத் தெரிந்த பிறகு நேராக ஐந்துக்குப் போகலாம்; நான்கைத் தொட வேண்டும் என்று கட்டாயம் எதுவும் கிடையாது.

இரண்டாவது: நகரத்துக்கும் மலைக்கும்

கியர்களுக்கு இடையிலான இடைவெளி ஒரே அளவாக இருப்பதில்லை. நம் காரில் ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது விகிதம் 1.84 மடங்கு குறைகிறது. இரண்டிலிருந்து மூன்று 1.46, மூன்றிலிருந்து நான்கு 1.37, நான்கிலிருந்து ஐந்து 1.27. கீழே பெரிய படி, மேலே போகப்போகச் சின்னப் படி. நின்ற வண்டியை நகர்த்த முதல் கியர் மிகப் பலமாக இருக்க வேண்டும் என்பதால் இப்படி அமைக்கிறார்கள்.

இதனால் ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றும் இடத்தில் கொஞ்சம் பொறுமை வேண்டும். முதல் கியரில் 2000 வந்ததும் மாற்றினால் இரண்டாவதில் முள் 1100-க்கு விழும். வண்டி குலுங்கும், பின் சீட்டில் இருப்பவரின் தலை ஆடும். அதையே 2800-ல் மாற்றினால் 1500-ல் இறங்கும், மெத்தென்று போகும். சிக்னலில் முதல் வரிசையில் நிற்கும்போது இந்த ஒன்றை மட்டும் கவனித்தாலே வண்டி புதிதாக மாறியது போல இருக்கும். வேகத்தடை தாண்டும்போதும் இதே கதைதான். 15-க்குக் குறைந்துவிட்டால் மூன்றில் இழுத்துப் பார்க்காமல் இரண்டுக்கு வந்துவிடுங்கள்.

மலையில் கணக்கு கடுமையாகிறது. பத்தடிக்கு ஓரடி ஏறும் சாலையில், 1050 கிலோ எடையுள்ள காரைப் பூமி 105 கிலோ பின்னே இழுக்கும். 50 கி.மீ.-ல் நான்காவது கியர் தள்ளுவதே 105 கிலோதான். அதில் காற்றுக்கும் டயருக்கும் 20 போய்விடும். ஆகவே நான்கில் எவ்வளவு மிதித்தாலும் வேகம் குறைந்துகொண்டே வரும். மூன்றில் 160, எல்லாம் போக 35 கிலோ மிஞ்சும். ஏறும், ஆனால் மெல்ல. இரண்டில் 255, தாராளம்.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. அந்த வளைவுகளில் 15, 20 என்றுதான் திரும்ப முடியும். 20 கி.மீ.-ல் இரண்டாவது கியரில் முள் 1370. தள்ளுவது 190 கிலோ. நான்கு பேரும் பெட்டிகளும் சேர்ந்து 1300 கிலோ, ஏற்றம் எட்டுக்கு ஒன்று என்றால் தேவைப்படுவது 160-க்கு மேல். இரண்டாவது கியர் மூச்சுப் பிடித்து நிற்கும் இடம் அது. எதிரே பஸ் வந்து நீங்கள் பத்துக்குக் குறைத்துவிட்டால் முதல் கியர்தான். அங்கே முதலைப் போடத் தயங்கி, இரண்டில் கிளட்சைப் பாதி மிதித்து வண்டியைத் தூக்குவது கிளட்ச் பிளேட்டைக் கருக்கும் வழி. எரிந்த நாற்றம் வந்தால் தப்பு ஏற்கெனவே நடந்துவிட்டது என்று பொருள், ஓரம்கட்டி ஆறவிடுங்கள்.

ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத இன்ஜினின் சக்தியும் அதே அளவு குறையும். சென்னையில் மூன்றில் சமாளித்த மேட்டுக்கு அங்கே இரண்டு தேவைப்படுவதன் காரணம் இதுதான். டர்போ இன்ஜின் காற்றை அழுத்தி ஊட்டுவதால் இந்த இழப்பைப் பெருமளவு ஈடுகட்டிக்கொள்ளும்.

இறங்கும்போது எந்த கியர்? ஏற எது தேவைப்பட்டதோ அதுவே. மசினகுடியிலிருந்து ஊட்டிக்குப் போகும் கல்லட்டிச் சாலையில் 36 வளைவுகள், இறக்கம் செங்குத்து. அங்கே மூன்றிலோ நான்கிலோ பிரேக்கை நம்பி இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். இரண்டாவது, தேவைப்பட்டால் முதல். நியூட்ரலில் விடுவதை நினைக்கவே வேண்டாம்.

நான்காவது: டீசலும் டர்போவும்

மாருதி, ஃபியட், டாடா மூன்றிலும் ஓடிய 1.3 லிட்டர் மல்ட்டிஜெட் டீசலை நம் டாக்ஸி ஓட்டுநர்கள் நன்கு அறிவார்கள். ஸ்விஃப்டிலும் டிசையரிலும் அது 75 குதிரைத்திறன், 190 நியூட்டன் மீட்டர். அந்த 190 கிடைத்தது 2000 ஆர்.பி.எம்.-ல். மாருதி 2020-ல் டீசலை நிறுத்திவிட்டாலும் அந்த வண்டிகள் இன்னும் சாலையில் ஏராளம். அதில் முள் 2000 தாண்டினால் நான்காவது கியரிலேயே வண்டி பாயும். பெட்ரோல்காரர் மூன்றுக்குக் குறைத்துச் செய்வதை டீசல்காரர் நான்கில் பெடலை மிதித்தே செய்துவிடுவார். டீசல் டாக்ஸி ஓட்டியவர்கள் நான்கு என்று சொல்வதன் நியாயம் இது.

ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. முள் 1800-க்குக் கீழே இருந்தால் டர்போவில் அழுத்தம் சேராது. மிதித்து இரண்டு வினாடி காத்திருக்க வேண்டும். பிறகு திடீரென்று பாயும். முந்தும்போது அந்த இரண்டு வினாடி ஆபத்தானது. ஆகவே டீசலில் கேட்க வேண்டிய கேள்வி, முள் 2000-க்கு மேல் இருக்கிறதா என்பதே. இல்லை என்றால் மூன்று. மேலே போனால் 4000-க்கு அப்பால் டீசலில் ஒன்றும் இல்லை. அதற்கு முன்பே அடுத்த கியர் போட்டுவிட வேண்டும்.

இப்போதைய 1 லிட்டர் டர்போ பெட்ரோல்கள் இரண்டின் குணத்தையும் சேர்த்தவை. ஹூண்டாயின் அந்த வகை இன்ஜின் 172 நியூட்டன் மீட்டரை 1500-லிருந்து 4000 வரை ஒரே சீராகத் தருகிறது. குதிரைத்திறன் உச்சம் 120, 6000-ல். நான்காவதில் 60-லிருந்து சுகமாக இழுக்கும். மூன்றில் அதைவிட நன்றாக இழுக்கும். சுகத்துக்கு நான்கு, அவசரத்துக்கு மூன்று என்று வைத்துக்கொள்ளலாம். இந்த டர்போ பெட்ரோல்களில் 1500-க்குக் கீழே பெடலை முழுக்க மிதிக்கும் பழக்கத்தை மட்டும் கட்டாயம் விட வேண்டும். குறைந்த சுற்றில் அதிக அழுத்தம் ஏறும்போது எரிபொருள் நேரம் தவறி எரிந்து பிஸ்டனைத் தாக்கும். பெரிய செலவில் கொண்டுபோய் விடும்.

கியர் குறைக்கும் கை

ஐந்திலிருந்து மூன்றுக்கு வர நேராக வரலாம். கிளட்சை மிதித்து லிவரை நியூட்ரலுக்கு இழுங்கள். பிடியை ஒரு கணம் இளக்குங்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் லிவரைத் தானாக நடுப்பாதைக்குக் கொண்டுவரும். அங்கிருந்து நேராக முன்னே தள்ளினால் மூன்றாவது. லிவரை முஷ்டியால் இறுகப் பிடித்து மூலைவாட்டில் இழுப்பவர்களுக்குத்தான் தப்பு நேர்கிறது. ஐந்திலிருந்து நான்குக்கு இழுக்கும்போது கை இடதுபுறம் தள்ளினால் லிவர் இரண்டில் போய் விழும். 110 கி.மீ.-ல் இரண்டாவது கியர் என்றால் இன்ஜின் 7500-க்கு மேல் சுற்றியாக வேண்டும். ஆக்ஸிலரேட்டரால் முள் எல்லை மீறினால் கம்ப்யூட்டர் எரிபொருளை நிறுத்திக் காப்பாற்றும். இங்கே சுற்றுவது சக்கரம்; அதை எந்தக் கம்ப்யூட்டராலும் நிறுத்த முடியாது. வால்வு வளைவது, ராடு உடைவது எல்லாம் இந்த ஒரு கை தவறலில் நடப்பவை. உள்ளங்கையால் மெதுவாக, இடதுபுறம் அழுத்தாமல் இழுக்கப் பழகுங்கள்.

கிளட்சை விடும் முன் ஆக்ஸிலரேட்டரை லேசாக ஒரு தட்டுத் தட்டுங்கள். 50-ல் ஐந்திலிருந்து மூன்றுக்கு வரும்போது முள் 1350-லிருந்து 2340-க்கு ஏற வேண்டும். அந்த ஆயிரத்தைக் கிளட்ச் பிளேட் உராய்ந்து ஏற்றுவதற்குப் பதிலாகப் பெடல் ஏற்றிக் கொடுத்தால் குலுக்கல் இருக்காது. காரில் பாட்டி தூங்கிக்கொண்டிருந்தாலும் விழிக்க மாட்டார் என்கிற அளவுக்கு இதைப் பழகிவிடலாம்.

பெரிய கார்களின் பாடம்

இதெல்லாம் சின்ன கார்களின் தலைவலி என்று நினைக்க வேண்டாம். போர்ஷே 718 கேமன் ஜிடி4 உலகம் முழுக்கப் பாராட்டு வாங்கிய கார். ஆனால் அதன் கியர்கள் நீளம் என்ற குறையைச் சோதித்தவர்கள் ஓயாமல் எழுதினார்கள். இரண்டாவது கியரே 130 கி.மீ.-ஐத் தாண்டும். சாதாரணச் சாலையில் முள்ளை உச்சத்துக்குக் கொண்டுபோய் மூன்றாவதுக்கு மாற்றும் மகிழ்ச்சி சட்டத்துக்கு உட்பட்டுக் கிடைக்காது. மறுபுறம், 1989-ல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 வெறும் 1.6 லிட்டர். விகிதங்கள் 3.136, 1.888, 1.330, 1.000, 0.814, ஃபைனல் டிரைவ் 4.3. கியர்கள் நெருக்கமாக அடுக்கியிருப்பதால் எதைப் போட்டாலும் முள் அதிகம் விழாது. அந்தச் சின்ன இன்ஜினை இன்றும் விரும்பி ஓட்டுகிறார்கள் என்றால் அதில் கியர்பாக்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஃபார்முலா 1-ல் 2014-க்கு முன் ஒவ்வொரு தடத்துக்கும் கியர் விகிதங்களை மாற்றிப் பொருத்தினார்கள். நீண்ட நேர்ச்சாலைகள் உள்ள மான்சாவுக்கு நீளமான கியர், குறுகிய தெருக்கள் உள்ள மொனாக்கோவுக்குக் குட்டையான கியர். இப்போது எட்டு கியர். ஆண்டு முழுக்க ஒரே விகிதத் தொகுப்பு.

நம் காரில் விகிதத்தை மாற்ற முடியாது. ஆனால் பலர் தெரியாமலே மாற்றிவிடுகிறார்கள். வண்டி எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று பெரிய டயர் போடுவதுதான் அது. டயரின் மொத்த விட்டம் ஐந்து சதவீதம் கூடினால் எல்லா கியரும் ஐந்து சதவீதம் நீளும். இழுவை ஐந்து சதவீதம் குறையும். ஸ்பீடோமீட்டரும் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். ரிம்மைப் பெரிதாக்கினால் டயரின் பக்கச்சுவர் உயரத்தைக் குறைத்து, மொத்த விட்டம் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 165/80 ஆர்14 டயரும் 185/65 ஆர்15 டயரும் ஏறத்தாழ 62 செ.மீ. விட்டம்தான். அந்த மாற்றம் கியரைக் கெடுக்காது. ஆனாலும் உங்கள் மாடலுக்கு உற்பத்தியாளர் அனுமதித்த அளவா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கிளட்ச் இல்லாத வண்டிகள்

ஆட்டோமேட்டிக்கில் பெடலை ஒரே மூச்சில் முழுக்க மிதித்தால் வண்டியே கியரைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் ஏ.எம்.டி. வகையில் அதற்கு ஒரு கணம் பிடிக்கும். கிளட்சை எடுத்து, கியரை மாற்றி, மீண்டும் சேர்க்கும்வரை இழுவை அறுந்து நிற்கும். முந்தப் போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே லிவரை மேனுவல் பக்கம் தள்ளி மூன்றாவதுக்கு வந்து காத்திருங்கள். மலையிலும் அப்படியே. விட்டுவிட்டால் ஏ.எம்.டி. மைலேஜை எண்ணி மூன்றாவது போடும், வளைவில் திணறும், மறுபடி இரண்டுக்கு வரும். சி.வி.டி.-யில் தனித்தனி கியரே கிடையாது. மிதித்ததும் முள் நேராக மேலே போய் அங்கேயே நிற்கும். அந்த ஒரே சுருதிச் சத்தம் பலருக்குப் பிடிப்பதில்லை. ஆனால் இந்த அத்தியாயம் முழுக்கச் சொன்ன விதியை அது தானாகவே செய்கிறது.

மின்சார கார்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே விகிதம்தான். மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்குவிசை தருவதால் அது போதும். ஆனால் 2019-ல் வந்த போர்ஷே டைகான் பின் அச்சில் இரண்டு கியர் வைத்தது: முதலாவது பாய்ச்சலுக்கு, இரண்டாவது அதிவேகத்துக்கு.